கத்திக்கு ஒரு வீடு கட்டலாம் வாங்க!

உங்க வீட்டு சமையலறையில கத்தி எங்கே இருக்கு? டக்குனு சொல்லுங்க பார்ப்போம். ‘கரண்டி டப்பாவுல’, ‘டிராயர்ல எங்கேயாவது கிடக்கும்’, ‘அம்மாவைத்தான் கேக்கோணும்’... இந்த மூணுல ஒண்ணுதானே பதில்? அந்த டிராயருக்குள்ள அவசரத்துல கையை விடுறது யாரு? அம்மாதான். விரல்ல பிளாஸ்டரோட சுத்துறதும் அவங்கதான்.

இன்னொரு விஷயமும் இருக்கு. கரண்டி, ஸ்பூன்னு எல்லாத்தோடயும் உரசி உரசி கத்தியோட முனை மழுங்கிப் போகும். மழுங்கின கத்தி பாதுகாப்புனு நினைச்சா அது தப்புங்க. வெட்ட அதிகமா அழுத்தணும், அப்போ தக்காளித் தோல்ல வழுக்கும், நேரா விரலுக்குத்தான் வரும். ஆக, கத்திக்குன்னு ஒரு தனி வீடு வேணும். கடைக்காரங்க அதுக்கு வெச்சிருக்கிற பேரு ‘நைஃப் பிளாக்’. கத்திகளை ஒவ்வொண்ணா செருகி வைக்கிற மரக்கட்டை, அவ்வளவுதான்.

அருவாமனைக்கு இந்தக் கவலை இல்லை

நம்ம பாட்டிமாருக்கு இது தேவைப்படலை. அருவாமனையில பிளேடு பலகையிலேயே பொருந்தி நிற்கும். பலகையை ஒரு காலால அழுத்திக்கிட்டு, காயைத்தான் பிளேடுகிட்ட கொண்டு போவாங்க. வேலை முடிஞ்சா சுவரோரமா சாய்ச்சு வெச்சிடலாம். கத்தியும் அதோட வீடும் ஒரே பொருள்! கேஸ் அடுப்பும் மேடையும் வந்து, நின்னுக்கிட்டே சமைக்க ஆரம்பிச்ச பிறகு காய் நின்னுடுச்சு, கத்தி நகர ஆரம்பிச்சது. நகர்ற பொருளுக்கு நிக்க ஒரு இடம் வேணுமில்ல?

நம்ம ஊருக்கு இது புதுசா?

கோவையில இருந்து மேட்டுப்பாளையம் ரோட்டுல வந்தா பெரியநாயக்கன்பாளையம். 1962-ல் தொடங்கின லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் ஒரு பக்கம், காந்தியவாதி தி.சு.அவினாசிலிங்கம் 1930-ல் தொடங்கின ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயா இன்னொரு பக்கம். ‘கைத்தொழில் வழியாத்தான் கல்வி வரணும்’ங்கிற ஆதாரக் கல்வியை காந்தி 1937-ல் வார்தா மாநாட்டுல முன்வெச்சார். ஆனா, நம்ம இன்ஜினீயரிங் கிளாஸ்ல உளியைத் தொடுறது முதல் வருஷ ஒர்க்‌ஷாப்போட சரி. ஒரு ‘டி’ ஜாயின்ட் போட்டு மார்க் வாங்கினதும் அது மூலைக்குப் போயிடும். அந்த உளியை வீட்டுக்குப் பயன்படுற பொருளுக்காக இன்னொரு தடவை எடுத்தா என்ன?

வீட்டுப் பின்னாடி ஷெட், இல்லாட்டி மொட்டை மாடி நிழல் போதும். ரம்பம், உளி, இழைப்புளி, மூலைமட்டம், உப்புத்தாள், ரெண்டு சி-கிளாம்ப். முக்காவாசிப் பொருளை அக்கம்பக்கத்துல இரவல் வாங்கிடலாம்.

என்ன மரம்?

புதுசா வாங்கத் தேவையில்லை. மர அறுவை மில்லுல போய், “ஏனுங்க, தேக்கு துண்டுப் பலகை ஏதாச்சும் கெடைக்குமுங்களா?”னு பணிவாக் கேளுங்க. பழைய கதவு, கட்டில் சட்டம்கூட ஓகே. ஆணி இருக்கானு மட்டும் நல்லாப் பாருங்க, இல்லைனா ரம்பம் போச்சு! மரங்களோட நிறமும் ரேகையும் எப்படி மாறும்னு பார்க்க ஆசையா? கோவையில 1902-ல் தொடங்கின காஸ் வன அருங்காட்சியகத்துல மர மாதிரிகள் உண்டு.

பச்சை மரம் கூடவே கூடாது. மரம் காயும்போது சுருங்கும். நீளவாக்கில் அது கண்ணுக்கே தெரியாது. ஆனா குறுக்குவாக்கில் தெரியும். வருஷ வளையத்தை ஒட்டின திசையில், மையத்தை நோக்கின திசையைவிட ஏறக்குறைய ரெண்டு மடங்கு சுருங்கும். இந்த வித்தியாசம்தான் பலகையை வளைய வைக்குது. பங்குனி வெயில்ல ஜம்முனு போற கத்தி, ஐப்பசி மழையில இறுகுதுன்னா காரணம் இதுதான். அதனால நல்லாக் காய்ஞ்ச மரம், எல்லாப் பலகையிலும் ஒரே திசையில ரேகை. இதுதான் ரூல் நம்பர் ஒன்.

கணக்கு இதோ!

ஆழமான துளையை மரத்துல குடையறது ரொம்பக் கஷ்டம். ஆனா சாண்ட்விச் பண்றது ஈஸி! 18 மி.மீ. கனமுள்ள 4 பலகை. நடுவுல 3 இடைவெளி. ஒவ்வொரு இடைவெளியிலும் 3 மி.மீ. கனத்துல மெல்லிய பட்டைகள். மொத்தக் கனம் 4 x 18 + 3 x 3 = 81 மி.மீ. சாதாரண சமையல் கத்தியோட கனம் 2 மி.மீ. சுத்தித்தான் இருக்கும். அதனால 3 மி.மீ. தாராளம்.

பலகை அகலம் 12 செ.மீ. அதுல ஒன்றரை செ.மீ. அகலப் பட்டை மூணு வெச்சா மீதி ஏழரை. அதை 5, 2.5-னு பிரிச்சா ஒரு அடுக்குல ஒரு பெரிய கத்தி, ஒரு சின்னக் கத்தி. மூணு அடுக்குக்கு ஆறு கத்தி! ஆனா, முதல்ல உங்க வீட்டுக் கத்தியை அளந்துக்குங்க. வீடு கத்திக்காகத்தான், கத்தி வீட்டுக்காக இல்லை.

பட்டைகளை மர ஒட்டும் பசை தடவி ஒட்டுங்க. தண்ணி தாங்குற வகையா இருக்கட்டும். இடுக்குல வழியுற பசையை ஈரத்துணியால உடனே துடைச்சிடணும், காய்ஞ்சா கத்தி உள்ளே போகாது. அப்புறம் கிளாம்ப் போட்டு ஒரு ராத்திரி விட்டுடுங்க. கிளாம்ப் இல்லையா? அம்மிக்கல்லைத் தூக்கி மேல வைங்க, பாட்டி ஒண்ணும் சொல்ல மாட்டாங்க!

சாயலாம், விழக் கூடாது

நேரா நிக்கிற கட்டையில கத்தியை உருவ மேல் அலமாரி இடிக்கும். 15 டிகிரி சாய்வு போதும். 28 செ.மீ. நீளத்துல ஒட்டிட்டு, மேலேயும் கீழேயும் ஒரே சாய்வுல அறுத்தா, சாய்ஞ்ச பக்கம் 24 செ.மீ. நிக்கும். 20 செ.மீ. பிளேடுக்கு இது சரி.

விழுமா? பக்கவாட்டுல ரெண்டு மூலைவிட்டம் போடுங்க. வெட்டிக்கிற இடம்தான் ஈர்ப்பு மையம். அங்கே ஒரு நூல்ல நட்டு கட்டித் தொங்க விடுங்க. நூல் அடிப்பாகத்துக்குள்ளே விழுந்தா கட்டை நிக்கும். நம்ம அளவுல அது அடிப்பாக நடுவுல இருந்து 3 செ.மீ. தள்ளி விழும், விளிம்புக்கு இன்னும் 3 செ.மீ. மிச்சம். கத்தி செருகினா மையம் கொஞ்சம் மேலே போகும், அதுக்கும் இடம் இருக்கு. மெக்கானிக்ஸ் பேப்பர்ல படிச்ச ‘சென்டர் ஆஃப் கிராவிட்டி’ சமையல் மேடையில நிக்கிறதைப் பார்க்கிற சுகமே தனி!

தேங்காய் எண்ணெய் வேண்டாம்

உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கும்போது மூக்கு வாயை மூடிக்குங்க, மரத்தூள் நுரையீரலுக்கு ஆகாது. அப்புறம் எண்ணெய். தேங்காய் எண்ணெய் தடவினா காயவே காயாது, பிசுபிசுப்பு ஒட்டி, சில மாசத்துல சிக்கு வாடை அடிக்கும். ஆளிவிதை எண்ணெய் காற்றுப் பட்டு இறுகுற வகை. மெல்லிசாத் தடவி, துடைச்சு, காய வைங்க. துடைச்ச துணியைச் சுருட்டிப் போடாதீங்க, அது தானா சூடேறித் தீப்பிடிக்கும். விரிச்சுக் காயப் போடுங்க.

அடியில நாலு மரக்கால் ஒட்டி அரை செ.மீ. தூக்கி வைங்க. துளை கீழேயும் திறந்தே இருக்கட்டும். காத்து போகும், தூசி கொட்டும், பூஞ்சைக்கு இடமில்லை. கத்தியைக் கழுவி ஈரத்தோட செருகாதீங்க. கூர் பக்கம் மேலே பார்க்கிற மாதிரி வைங்க. அப்போதான் உருவும்போது மரம் கூரைத் தின்னாது.

புராஜெக்டை நெட்ல இருந்து எடுத்து பைண்டிங் போடுற காலம் இது, பாஸ். இதுக்கு வைவா கிடையாது, மார்க் கிடையாது. ஆனா அம்மா இனிமே டிராயருக்குள்ள கையை விட மாட்டாங்க. அந்த விரலைவிடப் பெரிய ரிசல்ட் எந்த செமஸ்டர்ல வரப்போகுது?