கொடைக்கானலில் ஓர் 'எதிரி நாட்டு' அம்மா!

கொடைக்கானல் போனால் ஏரியில் படகு, குறிஞ்சியாண்டவருக்கு ஒரு கும்பிடு, பையில் மலைப்பூண்டு. நமக்கு அவ்வளவுதான்! உலகப்போர் சமயத்தில் அங்கே 'எதிரி நாட்டு'ப் பெண்மணி ஒருவர் இருந்தாரே, தெரியுமா?

மரியா மாண்டிசோரி. இத்தாலி டாக்டர். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க 1939-ல் மகன் மரியோவோடு அடையாறு வந்தார். மறு வருஷமே இத்தாலி போரில் குதித்தது. வந்தது வினை! மகனைப் பிடித்து முகாமில் போட்டது வெள்ளைக்கார சர்க்கார். தாய்க்கும் கட்டுக்காவல். 1940 ஆகஸ்டு 31, அம்மையாருக்கு 70 வயது நிறைந்த நாள். வைஸ்ராயிடமிருந்து தந்தி: மகன் விடுதலை! பெற்ற மனசுக்கு வேறென்ன பரிசு வேண்டும்?

1942 முதல் 2 ஆண்டுகள் கொடை வாசம். செடி, பூச்சி, பாறை... ஆறு வயது தாண்டிய பிள்ளைகளுக்கு மலையே பாடப்புத்தகம். அந்தப் பாடமுறை 1948-ல் அடையாறு கலாக்ஷேத்திரா வெளியீடாக நூலாயிற்று. இன்று சந்துக்குச் சந்து தொங்குதே 'மாண்டிசோரி' போர்டு, அது இந்த அம்மா பெயர்தான்!