பரம்பரையலகை வாசிக்க ஆரம்பிப்பது யார்?

உயர்தர உயிரியல் மாணவர்களிடம் டீ.என்.ஏயிலிருந்து ஆர்.என்.ஏயைப் பிரதியெடுப்பது எது என்று கேட்டால், "ஆர்.என்.ஏ பொலிமரேசு" என்ற பதில் உடனே வரும். அது சரியான பதில்தான். ஆனால் எந்த இடத்தில் ஆரம்பிப்பது என்பதை அந்த நொதியத்துக்குக் காட்டிக்கொடுப்பது எது என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். உயிரியல் கற்பிப்பவன் என்ற வகையில், இந்த இரண்டாவது கேள்வியைத்தான் நான் பெரிதாகக் கருதுகிறேன்.

நமது கலங்களின் கருவில் மூன்று வகை ஆர்.என்.ஏ பொலிமரேசுகள் உள்ளன. 1969இல் இவற்றை வேறுபடுத்திக் காட்டியவர் ரொபர்ட் ரோடர் என்ற அமெரிக்க விஞ்ஞானி. முதலாவது, இறைபோசோமுக்கான ஆர்.என்.ஏயின் பெரும்பகுதியை ஆக்குகிறது. இரண்டாவது, புரதங்களுக்கான தூது ஆர்.என்.ஏயை ஆக்குகிறது. மூன்றாவது, இடமாற்றும் ஆர்.என்.ஏ போன்ற சிறியவற்றை ஆக்குகிறது.

இவற்றில் எதுவுமே தனியாக ஆரம்ப இடத்தைக் கண்டுபிடிப்பதில்லை. உதவிப் புரதங்கள் முன்கூட்டியே டீ.என்.ஏயில் வந்து அமர வேண்டும். அவற்றுள் டீ.பி.பி எனும் புரதம் மூன்று பொலிமரேசுகளுக்கும் பொதுவானது. பல பரம்பரையலகுகளில் அது குதிரைச் சேணம் போல டீ.என்.ஏயின் மீது அமர்ந்து அதை வளைக்கிறது. அந்த வளைவைச் சுற்றி ஏனைய புரதங்கள் கூடுகின்றன. இரண்டாவது பொலிமரேசுக்கு, இறுதியில் வரும் டீ.எப்.டூ.எச் எனும் புரதத் தொகுதி டீ.என்.ஏயின் இரு இழைகளையும் பிரித்துவிடுகிறது. அதன் பின்னரே பிரதியெடுத்தல் தொடங்கும்.

இதே டீ.எப்.டூ.எச், பழுதடைந்த டீ.என்.ஏயைத் திருத்தும் வேலையையும் செய்கிறது என்பது 1993இல் தெரியவந்தது. வெயிலின் கழியூதாக் கதிரால் ஏற்படும் பழுதை வெட்டி நீக்க இது தேவை. இதன் சில பகுதிகளில் குறையுள்ள பிள்ளைகளுக்கு 'ஸெரோடெர்மா பிக்மென்டோஸம்' எனும் நோய் வரலாம். இவர்களுக்குச் சிறு வயதிலேயே தோல் புற்றுநோய் ஏற்படும் ஆபத்து மிக அதிகம்.

இந்நோயில் தாயும் தந்தையும் பெரும்பாலும் சுகதேகிகளே. இருவரும் ஒரே பரம்பரையலகின் குறையை மறைவாகச் சுமந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. மச்சான், மச்சாள் போன்ற நெருங்கிய உறவுத் திருமணங்களில் இருவரும் ஒரே குறையைச் சுமக்கும் வாய்ப்பு கூடுகிறது. நமது ஊர்களிலும் அத்தகைய திருமணங்கள் நடப்பதால் இது நமக்கும் உரிய விடயமே. சிறிது நேர வெயிலிலேயே பிள்ளையின் தோல் கடுமையாகச் சிவந்து கொப்புளித்தால், தாயைக் குறைகூறிக்கொண்டு இருக்காமல் தோல் வைத்திய நிபுணரிடம் காட்டுங்கள். வெயிலிலிருந்து எவ்வளவு முன்னதாகப் பாதுகாக்கிறோமோ, அவ்வளவுக்குப் பிள்ளைக்கு நன்மை.

பரீட்சைக்காக நாம் மனனம் செய்யும் பெயர்களுக்குப் பின்னால் இப்படியான பிள்ளைகளின் வாழ்வும் இருக்கிறது. ஆசிரியர்கள் அதையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும்.