யூத நூல்களில் இறைசார்பும் ஆள்வினையும்

எல்லாம் இறைவன் செயலாயின் யான் முயல்வது எற்றுக்கு? யான் முயன்றே பெறுவேனாயின் இறைவனைச் சார்வது எற்றுக்கு? இவ்வினா நம் சமயத்தார்க்கே உரியதன்று. உலகை நடத்துவான் ஒருவன் உளன் என்று கொண்ட எம்மதத்தார்க்கும் எழுவதேயாம். யூத அறிஞர் இதனை ஈராயிரம் ஆண்டளவாக ஆராய்ந்து வந்துள்ளனர். எபிரேய மொழி அறியாத யாம், ஆங்கில மொழிபெயர்ப்புக்கள் வாயிலாகக் கற்றவளவில் அவர் கருத்துக்களை ஈண்டு எடுத்துரைக்கப் புகுகின்றாம்.

அவர் நூல்களில் ‘எமூனா’, ‘பித்தாஹோன்’ என இரு சொற்கள் பயிலும். முன்னது கடவுளுண்மையை உள்ளம் பற்றுதல். பின்னது அப்பற்றின் வலியால் தன் வாழ்வனைத்தையும் அவன்மேற் சார்த்தி அமைதியுறுதல். இப்பின்னதையே யாம் இறைசார்பு என்றாம். முயற்சிக்கு அவர் வழங்கும் பெயர் ‘ஹிஷ்தத்லூத்’ என்பது.

தல்மூத்தின் ‘பெராகோத்’ என்னும் பகுதியில் ஒரு வழக்கு உளது. வேதத்தை இரவும் பகலும் ஓதவேண்டுமென்பது ஒரு வாக்கியத்தின் கருத்து. விளைந்த தானியத்தைத் தொகுத்தலைக் கூறுவது மற்றொரு வாக்கியம். இரண்டும் ஒருவனுக்கு எங்ஙனம் பொருந்தும்? ஓதுதலோடு உலகத்தொழிலையும் மேற்கொள்க என்றார் கி. பி. இரண்டாம் நூற்றாண்டினராகிய இஸ்மவேல் என்னும் ஆசிரியர். அதே நூற்றாண்டினரான சீமோன் பார் யோகாய் இதனை மறுத்தார். உழுபருவத்து உழுதும், விதைபருவத்து விதைத்தும், அறுபருவத்து அறுத்தும் ஒருவன் காலங்கழிப்பின் வேதம் என்னாவது? இறைவன் திருவுளத்தின்படி ஒழுகுவார்க்கு அவர் வேலையைப் பிறர் செய்வர் என்பது அவர் துணிபு. நான்காம் நூற்றாண்டிற் பாபிலோனியாவில் விளங்கிய அபாயே என்பார், இஸ்மவேல் வழி நின்றார் பலர் நிலைபெற்றனர், சீமோன் வழி நின்றார் பலர் நிலைபெற்றிலர் என்று அனுபவங்கொண்டு தீர்த்துரைத்தார். அவர் காலத்தவரான ராவா என்பார், நீசான், திஷ்ரி என்னும் இரு மாதங்களினும் தம் மாணாக்கரைத் தம்பால் வரவேண்டாவென்று விலக்கினர். முன்னது கதிர் முற்றுங் காலம். பின்னது திராட்சையும் ஒலிவமும் பிழியுங் காலம். அக்காலத்து வேலை செய்துகொள்ளின் ஆண்டு முழுதும் உணவுக் கவலையின்றி ஓதலாமென்பது கருத்து. மாணாக்கர் வயிற்றையும் அறிந்த ஆசிரியர் போலும்!

‘பேத்ஸா’ என்னும் மற்றொரு பகுதி, ஒருவனுக்கு ஓராண்டிற் கிடைக்கும் பொருள் ஆண்டுத் தொடக்கத்திலேயே இறைவனால் அளவிடப்படுகின்றது என்னும். சப்பத்து, திருவிழா ஆகியவற்றிற்கும், மக்களுக்கு வேதங் கற்பித்தற்கும் ஆகுஞ் செலவு அவ்வளவிற் சேராது. இதனை நம் பிராரத்தத்தோடு ஒன்றென மயங்கற்க. நமக்கு உடலூழாய் வருவது முன்செய்த வினையின் பயன். அதனை ஊட்டுவிப்போன் இறைவன். இப்பகுதி முற்பிறவி வினையைக் காரணமாகக் கூறவில்லை. ஆண்டுதோறும் அவன் செய்யுந் தீர்ப்பையே கூறுகின்றது.

அற்றேல், அளவு முன்னரே முடிந்ததாயின் முயற்சி வீணன்றோ வெனின், வீணன்று என்பர் பஹ்யா இப்னு பாகூதா. பதினோராம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டுச் சரகோஸாவில் வாழ்ந்த இவர் அரபு மொழியில் இயற்றிய நூல் ‘உள்ளத்தின் கடமைகள்’ என்னும் பொருளுடைய பெயரால் எபிரேயத்திற் பெயர்க்கப்பட்டது. அதன் பத்து வாயில்களுள் நான்காவது இறைசார்பைப் பற்றியது. என் வாழ்நாள் இறைவனால் வரையறுக்கப்பட்டது, ஆதலின் நஞ்சுண்டாலும் சிங்கத்தொடு பொருதாலும் தீங்கில்லை என்று துணிவான் குற்றவாளியேயாம். ஓரிடத்தைக் காக்கும்படி தலைவன் நிறுத்திய ஏவலன், தன் காலம் முடியுமுன் அவ்விடம் விட்டகலுதல் போலும் அது. தொழிலும் அங்ஙனமே ஏவல்பற்றிச் செய்யற்பாலது. பொருளைத் தருவது தொழிலென்று எண்ணற்பாலதன்று.

பாதுவா நகரில் 1707-இற் பிறந்த லுஸ்ஸாத்தோ என்பார் 1740-இல் வெளியிட்ட ‘மெசில்லத் யெஷாரிம்’ என்னும் நூலில், முயற்சியை வரிக்கு ஒப்பிட்டார். நெற்றி வேர்வை சிந்தி உண்ணும்படி முதல் மனிதனுக்கு விதித்த தண்டம் அது. எவரும் செலுத்தியே தீரவேண்டும். பயன் விளைவிப்பது அதுவன்று. இவ்வுவமை அழகிதாயினும் ஒரு குறையுடைத்து. வரியின் அளவை அரசன் அறிவிப்பான். முயற்சியின் அளவை அறிவிப்பார் யார்?

இக்குறை நோய்வாய்ப்பட்டோர் மாட்டே நன்கு புலனாகும். பதின்மூன்றாம் நூற்றாண்டினரான நாமானிடீஸ், இறைவன் திருவுளத்தின்படி ஒழுகுவார் மனையில் மருத்துவர்க்கு வேலையில்லை என்று எழுதினார். அவர்தாமும் மருத்துவரே என்பது வியப்பு. அவர்க்கு முன்னரே, எகிப்து நாட்டில் மருத்துவராயிருந்த மைமோனிடீஸ் (1138–1204) இத்தகைய கொள்கையை எள்ளினர். பசித்தோன் அப்பம் உண்டு அந்நோய் தீர்கின்றான்; அவனை இறைவனை நம்பாதவன் என்பமோ? உணவைப் படைத்தமைக்கு நன்றி கூறுதல்போல மருந்தைப் படைத்தமைக்கும் கூறுக என்றார். 1565-இல் அச்சேறிய ‘ஷுல்ஹான் ஆருக்’ என்னும் ஒழுக்கநூல், மருத்துவஞ் செய்தல் கடமையென்றும், வல்லவன் செய்யாதொழியின் கொலைப்பழி எய்துவனென்றும் விதித்தது. எம் துணிபும் மைமோனிடீஸின் பக்கத்ததே.

ஆயின் மருந்தும் கொடுத்து, இறைவனையும் சார்ந்து, மகவை இழந்தார்க்கு யாது கூறுவது? நம்பியது பொய்த்ததென்று அவர் அரற்றுவரன்றோ? இதற்கு விடையாவது ‘ஹஸோன் ஈஷ்’ என வழங்கப்பட்ட காரெலிட்ஸ் (1878–1953) என்பாரது கருத்து. அவர் மறைந்த பின் 1954-இல் வெளிவந்த நூலில், விரும்பியதே நடக்குமென்று உறுதிகொள்ளுதல் இறைசார்பு என்னும் பலரது எண்ணத்தை அவர் பிழையென மறுத்தார். வருவது இன்னதென்று தீர்க்கதரிசிகளால் வெளிப்பட்டாலன்றி நாம் அறியோம். தற்செயல் என்பதொன்று உலகில் இல்லை, நிகழ்வன யாவும் அவன் ஆணையே என்று துன்பக் காலத்துத் தெளிந்து நிற்றலே சார்பாம். இங்ஙனம் கொள்ளின் இழந்தார் நம்பிக்கையிற் குறைந்தாரென்று பழிக்கப்படார். இவ்வொன்றே இக்கொள்கைக்குப் பெருஞ்சிறப்பென்பது எம் கருத்து.

அளவுபற்றிய ஐயமும் இவரால் வேறொரு நெறியில் தெளிவுறுகின்றது. முயற்சியின் அளவை நோக்காது, அதன்கண் உள்ள நெஞ்சை இவர் நோக்கினார். இறைசார்பை நாடோறும் நாவாற் புகழும் வணிகன் ஒருவன். தன் கடையைப் போன்றதொரு கடையை வேறொருவன் திறக்கப்போகின்றான் எனக் கேட்டு நடுங்குகின்றான். அதனைத் தடுக்கச் சூழ்ச்சியும் தேடுகின்றான். மெய்ச்சார்புடையவனோ அப்புதியவன் கடை வைத்தற்குத் தானே சென்று துணைசெய்வான். மறுநாட் காலையில் தன் கடையையும் வழக்கம்போலத் திறப்பான் என்று யாம் கூட்டி உரைப்பாம்.