முடவாட்டுக்கால்

முடவாட்டுக்கால் அல்லது ஆட்டுக்கால் கிழங்கு என்பது மரங்களிலும் பாறைகளிலும் பற்றி வளரும் ஒரு பன்னத் தாவரம் (பெரணி) ஆகும். ஏற்காடு, நாகலூர் முதலிய ஊர்களைக் கொண்ட சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் இது மூட்டுவலிக்கான நாட்டு மருந்தாக அறியப்படுகிறது.

தாவரவியல்

இதன் தாவரவியல் பெயர் டிரைனேரியா குவெர்சிபோலியா. லின்னேயசு இதனை 1753இல் விவரித்தார். கிழங்கு எனப்பட்டாலும், உண்ணப்படும் பகுதி உண்மையில் ஊர்ந்து வளரும் தண்டு ஆகும். பழுப்பு நிறச் செதில்கள் அடர்ந்து ஆட்டுக்கால் போலத் தோன்றுவதால் இப்பெயர் பெற்றது.

பயன்பாடு

மேல்தோலைச் சீவி நீக்கி, தண்டை நறுக்கி இடித்து, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் சேர்த்துக் கொதிக்க வைத்துச் சூப்பாக அருந்துவர்.

சான்றுகள்

இதன் சாறு வலியையும் அழற்சியையும் குறைப்பதாக விலங்குகளில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆயினும் விலங்குகளில் கிடைத்த முடிவு மனிதருக்கும் பொருந்தும் எனக் கொள்ள இயலாது. மூட்டுவலி இயல்பாகவே கூடியும் குறைந்தும் வருவது. வலி மிகுந்த நாளில் சூப் அருந்துபவருக்குச் சில நாட்களில் வலி தானாகத் தணிந்தாலும், அது சூப்பின் பயனாகவே தோன்றும். எனவேதான் மருந்து பெற்றவர்களையும் பெறாதவர்களையும் ஒப்பிடும் ஆய்வுகள் தேவைப்படுகின்றன. முடவாட்டுக்காலுக்கு அத்தகைய பெரிய ஆய்வுகளின் சான்று இல்லை.

வாழ்க்கைமுறை மாற்றங்கள்

மூட்டுத் தேய்மானத்திற்கு உடற்பயிற்சியும் எடைக்குறைப்பும் இவ்வாறு சோதிக்கப்பட்டவை. 2024இல் வெளியான காக்ரேன் மீளாய்வு, முழங்கால் தேய்மானத்திற்கான உடற்பயிற்சி பற்றிய 139 ஆய்வுகளைத் தொகுத்தது. உடற்பயிற்சி குறுகிய காலத்தில் வலியைக் குறைக்கிறது. எனினும் பயனின் அளவு பெரிதன்று. அமெரிக்காவில் உடல் எடை மிகுந்த 454 பேரிடம் 18 மாதங்கள் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வில், உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட உணவுக் கட்டுப்பாட்டையும் சேர்த்துக் கடைப்பிடித்தவர்களுக்கு வலி கூடுதலாகக் குறைந்தது. ஒரு கிலோ எடை குறைந்தால், நடக்கையில் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மீதான சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது என 2005இல் வெளியான மற்றோர் ஆய்வு காட்டியது.

கவனிக்க வேண்டியவை

சூப்பை உணவாகக் கொள்வது வேறு. அதனை நம்பி மருத்துவத்தைக் கைவிடுவது வேறு. மூட்டுவலிகள் அனைத்தும் ஒன்றல்ல. முடக்கு வாதத்திற்குத் தொடக்கத்திலேயே மருத்துவம் செய்யாவிடில் மூட்டுகள் நிலையாகச் சிதையக்கூடும். மூட்டு வீங்கிச் சூடாக இருத்தல், காய்ச்சல், காலையில் நெடுநேரம் நீடிக்கும் விறைப்பு ஆகியவை காணப்பட்டால் மருத்துவரை அணுகுவது இன்றியமையாதது.