'பழகுதல்' – ஆங்கிலச் சொற்கள் சில

புதியதொன்று நமக்கு இயல்பாகிவிடும் நிலையைத் தமிழில் 'பழகுதல்' என்கிறோம். ஊருக்குப் பழகுகிறோம்; உணவுக்குப் பழகுகிறோம்; துன்பத்திற்கும் பழகிப்போகிறோம். இவ்வொரு சொல் தாங்கும் பொருளை ஆங்கிலம் பல சொற்களுக்குப் பங்கிட்டு வைத்துள்ளது. அவை யாவும் ஒரு பொருளன என எண்ணி மொழிபெயர்ப்போர் இடறுவதுண்டு. ஆதலின் அவற்றுள் சிலவற்றை ஈண்டு நோக்குவோம்.

'அக்கஸ்டம்' என்பது வழக்கத்தைக் குறிக்கும் 'கஸ்டம்' என்னும் சொல்லோடு உறவுடையது. பழைய பிரெஞ்சு வழியே ஆங்கிலம் புகுந்தது. மீண்டும் மீண்டும் நிகழ்வதால் அமையும் பழக்கமே இதன் பொருள்.

'அக்ளைமடைஸ்' என்பது தட்பவெப்பத்தைச் சுட்டும் 'கிளைமேட்' என்பதன் வழிவந்தது. எவரெஸ்ட் ஏறுவோர் உச்சிக்கு உடனே விரைவதில்லை. பல வாரங்கள் ஏறியும் இறங்கியும் உயிர்வளி குறைந்த சூழலுக்கு உடலைப் பழக்குகின்றனர்; குருதியில் சிவப்பணுக்கள் பெருகுகின்றன. அமெரிக்கர் இதனை 'அக்ளைமேட்' எனவும் வழங்குவர்.

'அடாப்ட்' என்பது 'பொருத்தமான' எனப் பொருள்படும் இலத்தீன் அடியினது. சூழலுக்கேற்பத் தன்னையே மாற்றிக்கொள்வதை இது குறிக்கும். 1859-இல் வெளிவந்த டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' இக்கருத்தை அறிவியலில் நிலைநிறுத்தியது. முன்னையது ஓர் உயிர் தன் வாழ்நாளில் பெறும் பழக்கம். உயிரியல் பேசும் தகவமைப்போ தலைமுறைகள் கடந்து அமைவது.

'இன்யூர்' என்பது துன்பத்திற்கே பெரிதும் உரியது. 'யூர்' என்னும் வழக்கொழிந்த சொல்லுக்குப் பயிற்சி என்பது பொருள். வலி பழகி மரத்துப்போன நிலையை இச்சொல் உணர்த்தும்.

மாணவர் பெரிதும் மயங்குமிடம் 'யூஸ்டு டு' என்பதாகும். 'ஐ யூஸ்டு டு ரைஸ் ஏர்லி' எனின், முன்பு வைகறையில் எழும் வழக்கமிருந்தது, இன்றில்லை என்பது பொருள். 'ஐ ஆம் யூஸ்டு டு ரைசிங் ஏர்லி' எனின், அவ்வாறு எழுவது பழகிவிட்டது என்பது பொருள். 'ஆம்' என்னும் சிறு வினை சேர, அடுத்த வினையின் வடிவமும் மாற, கருத்தே தலைகீழாகிறது.

'வறுமைக்குப் பழகிய மக்கள்' என்னும் தொடரை எவ்வாறு பெயர்ப்பது? 'அடாப்ட்' என்றால் அவர்தம் திறம் தெரியும். 'இன்யூர்' என்றால் அவர் பட்ட துயர் தெரியும். சொல்லைத் தெரிந்தெடுக்கும்போதே அம்மக்களைப் பற்றிய ஒரு தீர்ப்பையும் வழங்கிவிடுகிறோம். ஆகவே, அகராதியில் முதலில் காணும் சொல்லோடு அமையாது, அது வழங்கும் இடத்தையும் ஆராய்ந்து எழுதுதல் மொழிபெயர்ப்பாளர்தம் கடமையாகும்.