உப்புமாவு நட்சத்திரமும் ஒரு டிரங்குப் பெட்டியும்

டிசம்பர் பிறந்துவிட்டால் கரக்பூரில் எங்கள் வீட்டுச் சமையலறை பணிமனையாக மாறிவிடும். புனேயில் இருக்கும் மகன் குடும்பத்தோடு விடுமுறைக்கு வருவான். ஒன்பது வயதுப் பேத்தியும் ஆறு வயதுப் பேரனும் வந்திறங்கிய மறுநாள் காலையிலேயே, "தாத்தா, மாவு எப்போ பிசையலாம்?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் பொருட்களைக் கையால் செய்து, பத்திரப்படுத்தி, ஆண்டுதோறும் எடுத்து மாட்டுவது எங்கள் வீட்டு வழக்கம். செய்வது எளிது. அடுத்த ஆண்டுவரை கெடாமல் வைப்பதுதான் வித்தை. அதை நான் ஒரு நஷ்டத்தின் மூலம்தான் கற்றேன்.

1991-ல் மகனுக்கு மூன்று வயது. என் மனைவி உப்புமாவில் வட்டமாக ஒரு வில்லை செய்து, அதில் அவன் உள்ளங்கையை அழுத்திப் பதித்தாள். பண்டிகை முடிந்ததும் பழைய நூல் புடவைத் துண்டில் சுற்றி, படுக்கையறை இரும்பு பீரோவில் வைப்பாள். பதினோரு ஆண்டுகள் அது ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. 2002 ஜனவரியில், "நான் பக்காவாகக் கட்டி வைக்கிறேன் பார்" என்று அந்த வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். பாலிதீன் பையில் போட்டு, காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, நாலு அந்துருண்டையும் சேர்த்துப் பரணில் ஏற்றினேன். அடுத்த டிசம்பரில் திறந்தால் விரல்கள் கசிந்து உருக்குலைந்திருந்தன. மேலே கறுப்புப் பூஞ்சணம். கூட வைத்திருந்த தெர்மாகோல் மணிகள் அந்துருண்டையோடு உருகி ஒட்டிக்கொண்டிருந்தன. அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

டிப்ளமா படித்தவன் செய்த தப்பு என்ன என்று பிறகுதான் யோசித்தேன். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு தானாக நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். வங்காளத்து மழைக்காலத்தில் இது அன்றாட நிலை. வில்லைக்கு வார்னிஷ் பூசியிருக்கவில்லை. பனிக்கால ஈரத்தோடு அதைப் பையில் அடைத்தேன். உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லை. பரணோ பகலில் கொதிக்கும், இரவில் குளிரும். அப்போது பைக்குள் வேர்க்கும். நூல் புடவை ஈரத்தை வாங்கியும் விட்டும் அதைக் காப்பாற்றியிருக்கிறது. அந்துருண்டையின் ஆவி தெர்மாகோலைக் கரைக்கும் என்பதும் அன்றுதான் தெரிந்தது. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு அது ரத்த அணுக்களை உடைக்கக்கூடிய நஞ்சு. குழந்தைகள் தொடும் பெட்டியில் அது வேண்டவே வேண்டாம்.

இப்போது நாங்கள் செய்யும் முறையைச் சொல்கிறேன். மைதா இரண்டு கப், தூள் உப்பு ஒரு கப், தண்ணீர் ஏறக்குறைய ஒரு கப். தண்ணீரை ஒரேயடியாக ஊற்றாமல், சப்பாத்தி மாவைவிடச் சற்றுக் கெட்டியாகப் பத்து நிமிடம் பிசைய வேண்டும். (இந்த வேலையைப் பேரனுக்குக் கொடுத்தால் வீடு அமைதியாக இருக்கும்.) கால் அங்குல கனத்துக்குத் தேய்த்து, வெட்டி, நூல் கோக்கும் துளையை உறிஞ்சு குழலால் ஈரத்திலேயே போட்டுவிட வேண்டும், காய்ந்தபின் துளைத்தால் உடையும். பச்சை மாவைக் குழந்தைகள் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் நாய் இருந்தால் இன்னும் கவனம். அத்தனை உப்பு அதன் உயிருக்கே ஆபத்து.

அடுப்பு இருந்தால் 100 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம். சூட்டைக் கூட்டினால் மாவு உப்பி வெடிக்கும். அடுப்பு இல்லையென்றால் டிசம்பர் வெயில் போதும். நாலைந்து நாள் திருப்பிப் போட்டுக் காயவைக்கலாம். காய்ந்துவிட்டதா என்று தட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மேலே காய்ந்து உள்ளே பச்சையாக இருக்கும். நான் சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்க்கிறேன். சென்ற முறை பேத்தி செய்த நட்சத்திரம் ஈரத்தில் 42 கிராம், மறுநாள் 36, பிறகு 32, பிறகு 30. மூன்று நாள் 30-லேயே நின்றபின்தான் வண்ணம் தீட்ட அனுமதித்தேன். பேத்தி அதை ஒரு நோட்டில் அட்டவணை போட்டு எழுதினாள். அந்த நோட்டைப் பள்ளிக்குக் கொண்டுபோய்க் காட்டினாளாம்.

வண்ணம் காய்ந்ததும் முன், பின், ஓரம், துளையின் உட்புறம் எல்லாவற்றிலும் நிறமற்ற வார்னிஷ் இரண்டு பூச்சு. பெரும்பாலோர் பின்புறத்தை விட்டுவிடுவார்கள்; ஈரம் அந்த வழியாகத்தான் நுழையும். தொங்கவிட இரும்புக் கொக்கி கூடாது, உப்பில் துருப்பிடிக்கும். பருத்தி நூலே நல்லது. பெயரும் ஆண்டும் எழுத ஸ்கெட்ச் பேனா வேண்டாம், அது வெளுத்துவிடும். பென்சில் எழுத்து வெளுக்காது. வார்னிஷுக்கு முன்பே எழுதிவிட வேண்டும்.

எழுத்து என்றதும் இன்னொன்று. மணப்பாட்டுப் பக்கம் பனையோலையில் நேர்த்தியான பொருட்கள் முடைவார்கள். பாளையங்கோட்டைக்காரியான என் மனைவி, ஊரிலிருந்து வரும் குருத்தோலையை ஈரத்துணியில் சுற்றிவைத்துப் பதமாக்கி, நட்சத்திரம் மடிப்பாள். அவள் 2019-ல் காலமானாள். மடித்தவற்றில் ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. அதன் கீழ் இதழில் மகன் பெயரைத் தமிழில் எழுதியிருக்கிறாள். பேத்திக்கு அதை வாசிக்கத் தெரியவில்லை. போன டிசம்பரில், தன் நட்சத்திரத்தின் பின்னாலும் அதே எழுத்தில்தான் எழுதுவேன் என்று பிடிவாதம் பிடித்தாள். பழைய நாளிதழின் ஓரமெல்லாம் எழுதிப் பழகி, கடைசியில் பென்சிலால் தன் பெயரை எழுதினாள். ஒரு கொம்பு மட்டும் இடம் மாறிவிட்டது. திருத்த வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

பெட்டிக்கு வருவோம். ஜனவரி 6-க்குப் பிறகு, வெயில் உள்ள ஒரு நாளில் எல்லாவற்றையும் இறக்குகிறோம். ஒவ்வொன்றையும் வெளுத்த பழைய பருத்தித் துணியில் சுற்றி, அட்டைப் பெட்டியில் அறை பிரித்து வைக்கிறோம். நாளிதழ் மை வண்ணத்தில் ஒட்டும், ரப்பர் பேண்டு இளகிப் பிசுபிசுக்கும், இரண்டும் வேண்டாம். அட்டைப் பெட்டி என் பழைய டிரங்குப் பெட்டிக்குள் போகிறது. எலியும் கரையானும் இரும்பைத் தின்னாது. பெட்டி இரண்டு செங்கல் மேல், குளியலறைச் சுவரைத் தொடாமல், படுக்கையறையில் இருக்கிறது.

உள்ளே ஒரு துணிப்பையில் சிலிக்கா ஜெல். மின்சார இன்ஜினின் ட்ரான்ஸ்ஃபார்மரில் எண்ணெய்க்கு ஈரம் போகாமல் தடுக்க 'பிரீதர்' என்ற குப்பியில் இதைத்தான் நிரப்பியிருப்போம். நீலம் இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டது என்று பொருள். ஆனால் நீல வகையில் கோபால்ட் உப்பு உண்டு. குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு ஆரஞ்சு நிறத்தில் வருவதை வாங்குங்கள். அது பச்சையாக மாறியதும் சூடாக்கி உலர்த்தினால் மறுபடி வேலை செய்யும். ஓலைச் சாமான்களோடு மட்டும் இதை வைக்காதீர்கள். ஓலை வறண்டு முறியும். அவற்றுக்குத் தனி அட்டைப் பெட்டி, பீரோவில், வெறும் துணிக்குள்.

ஆகஸ்டில் ஒரு முறை டிரங்கைத் திறந்து பார்க்கிறேன். இந்த ஆண்டும் பேத்தியின் நட்சத்திரத்தைத் தராசில் வைத்தேன். முப்பதுதான். உடனே போன் செய்து சொன்னேன். "ஆச்சி நட்சத்திரம் எத்தனை கிராம் தாத்தா?" என்று கேட்டாள். அதை நான் நிறுப்பதில்லை. துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, அப்படியே மூடிவிடுவேன் என்றேன்.