வீடு பார்க்கும்போது கம்பியையும் பாருங்கள்

முன்னாளில் வேற்றூருக்குக் குடிபோகிறவர்கள் முதலிற் கேட்ட கேள்வி, "கிணற்றில் கோடையிலும் தண்ணீர் ஊறுமா?" என்பது. அடுத்த கேள்வி, பள்ளிக்கூடம் எவ்வளவு தொலைவு என்பது. இக்காலத்தில் இவற்றோடு இன்னொன்றும் சேர்ந்துவிட்டது: "இந்த வீட்டுக்குள் இணையம் வருமா?" தமிழகத்திலிருந்தோ பிற மாநிலங்களிலிருந்தோ பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளுக்குக் குடிபெயர எண்ணும் அன்பர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன்னரே இதற்கு விடை காண்பது நலம்.

கேரளத்தில் இணையத்துக்குக் குறைவிராது என்று பலர் எண்ணுகின்றனர். அந்த எண்ணத்துக்குக் காரணமும் உண்டு. இணைய வசதி குடிமக்களின் உரிமை என்று அம்மாநில அரசு 2017-ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தது. 2019-இல் ஒரு கல்லூரி மாணவி தொடுத்த வழக்கில், இணையத்தைப் பெறுவது கல்வியுரிமையின் கூறு என்று கேரள உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 ஜூன் 5-ஆம் நாள் 'கே-ஃபோன்' என்னும் அரசின் ஒளியிழை வலையமைப்பும் தொடங்கி வைக்கப்பட்டது. எனினும், உரிமை ஏட்டில் இருப்பது வேறு. கம்பி நம் வீட்டு வாசலுக்கு வருவது வேறு.

இவ்வேறுபாட்டுக்குப் பெருங் காரணம் நில அமைப்பே. பாலக்காட்டுக் கணவாயில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் போன்ற ஊர்கள் சமவெளியில் அமைந்தவை. அங்கே கம்பம் நடுவதும் கம்பி இழுப்பதும் எளிது. தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களின் நிலை அவ்வாறன்று. 2,695 மீட்டர் உயர்ந்த ஆனைமுடியைச் சூழ்ந்த அம்மலைகளில், ஒரு சரிவில் முழு வலிமையோடு கிடைக்கும் கைப்பேசி அலை, மறுசரிவில் அறவே இல்லாமற் போகலாம். அவ்வலைகள் பெரும்பாலும் நேர்கோட்டிற் செல்பவை. குறுக்கே ஒரு குன்று நின்றால் அதன் நிழலிலுள்ள வீடுகளை அவை எட்டுவதில்லை. ஆகவே, "மூணாற்றில் இணையம் உண்டா?" என்று கேட்பதாற் பயனில்லை. இன்ன தோட்டத்தில், இன்ன வீட்டில் உண்டா என்றே கேட்கவேண்டும்.

எல்லையோரத்தில் மற்றொரு மயக்கமும் ஏற்படும். போடிமெட்டிலோ கம்பம்மெட்டிலோ நிற்பவரின் கைப்பேசி, தமிழகப் பக்கத்துக் கோபுரத்தின் அலையைப் பற்றிக்கொள்ளக்கூடும். சாலையிற் பேச அது போதுமானதாக இருக்கலாம்; வீட்டுச் சுவர்களுக்குள்ளே அதே அலை நலிந்துவிடும். கம்பிவழி இணைப்புக்கோ, தமிழகமும் கேரளமும் தனித்தனித் தொலைத்தொடர்பு வட்டங்கள். எல்லைக்கு அப்பால் கூப்பிடு தொலைவில் ஓடும் கம்பி இப்பாலுள்ள வீட்டுக்கு வந்துவிடும் என்று கணக்கிடலாகாது. கைப்பேசி எண்ணைப் பற்றிய கவலை மட்டும் வேண்டுவதில்லை. 2015 ஜூலை முதல், மாநிலம் மாறினாலும் பழைய எண்ணையே வைத்துக்கொண்டு நிறுவனத்தை மாற்றிக்கொள்ள வழியுண்டு.

இனி, ஆராயும் முறையைக் காண்போம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2024-இல் வகுத்த விதிகளின்படி, கைப்பேசி நிறுவனங்கள் தம் அலை பரவும் இடங்களைக் காட்டும் வரைபடத்தைத் தத்தம் இணையதளத்தில் வெளியிடவேண்டும். முதலில் அதைப் பாருங்கள். ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். வீடு பார்க்கப் போகும்போது, வெவ்வேறு நிறுவனங்களின் இணைப்புள்ள இரண்டு கைப்பேசிகளைக் கொண்டுசெல்லுங்கள். கதவைச் சாத்திக்கொண்டு, பிள்ளை அமர்ந்து படிக்கவிருக்கும் அறையிலேயே சோதித்துப் பாருங்கள். மாலை நேரத்தில் பலரும் பயன்படுத்துவதால் வேகம் குறையும். ஆதலின் அப்பொழுதும் ஒருமுறை சோதிப்பது நன்று.

ஒளியிழை இணைப்பு வேண்டுவோர், வீட்டுக்கு அருகிலுள்ள மின்கம்பத்தைக் கவனிக்கவேண்டும். மயிரிழை போன்ற கண்ணாடி நூலில் ஒளியாக வரும் செய்தி, கம்பத்திலுள்ள சிறு பெட்டியிற் பிரிந்து பல வீடுகளுக்குச் செல்கிறது. அப்பெட்டியில் இடம் நிரம்பிவிட்டால், கம்பி வாசலைக் கடந்து சென்றாலும் புதிய இணைப்புக் கிடைப்பது அரிது. ஆகவே உள்ளூர்க் கேபிள்காரரிடம், "இந்தப் பெட்டியில் இடம் காலியுண்டா?" என்று கேளுங்கள். அக்கம்பக்கத்தாரிடம், "ஆடி மழையில் கம்பி அறுந்தால் எத்தனை நாளிற் சரிசெய்கிறார்கள்?" என்று விசாரியுங்கள். விளம்பரத்தை விட அண்டை வீட்டாரின் விடை நம்பத்தக்கது. மின்சாரம் நின்றால் வீட்டிலுள்ள இணையக் கருவியும் நின்றுவிடுமாதலால், அதற்கெனச் சிறு மின்கலம் ஒன்று வைத்திருப்பதும், ஐப்பசி இடி மழையின்போது கருவியை மின்னிணைப்பிலிருந்து கழற்றி வைப்பதும் அறிவுடைமை.

இவ்வளவு விசாரணை எதற்கு என்று சிலர் நினைக்கலாம். 2020-இல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, மலைத் தோட்டங்களின் பிள்ளைகள் பாடங் கேட்பதற்காக அலை கிடைக்கும் மேடுகளைத் தேடி நடந்தனர். அதே ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு, மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து தொழிலாளர் லயங்களை மூடியது. 70 உயிர்கள் மாய்ந்தன. அவர்களிற் பெரும்பாலோர் தமிழ்க் குடும்பத்தினர். மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் அற்றிருந்தமையால், அச்செய்தி மறுநாட் காலையில்தான் வெளியுலகை எட்டியது.

தண்ணீரைப் போலவே செய்தித் தொடர்பும் வேண்டிய வேளையில் கிட்டினால்தான் பயன். வேலை நிமித்தம் தோட்டத்து வீட்டையே ஏற்கவேண்டியவர்களுக்குத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இல்லாதிருக்கலாம். அவர்களும், அலை கிடைக்கும் மிக அருகான இடம் எது, அவசரத்தில் யாரிடம் ஓடுவது என்பவற்றை முதல்நாளே அறிந்து வைத்துக்கொள்ளட்டும். வீட்டின் சாவியை வாங்குமுன் அரைநாள் விசாரணைக்கு ஒதுக்குவது ஒருபோதும் வீண்போகாது.